சிவப்புக் காருக்காக வளைந்த சாலை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று உலகுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதே நல்லது. தெரிந்திருந்தால் அவனுக்கு வைத்த சிலைகளையெல்லாம் இறக்கிவிட்டு, அந்தப் பீடங்களில் நகரச் சாலைப் பிரிவின் இன்ஜினியரை ஏற்ற வேண்டியிருக்கும். சக்கரத்தைச் சாலைக்குப் பொருத்துவது எவனுக்கும் வரும். சாலையைச் சக்கரத்துக்குப் பொருத்திய பெருமை இன்ஜினியர் ஒருவருக்கே உரியது.

இந்த மாபெரும் சாதனை பாசத்தில்தான் தொடங்கியது. இன்ஜினியருக்கு ஒரே தங்கை. அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறந்த பிறகுதான் கரைக்கு வர முடியும். தங்கைக்கோ தலைப்பிரசவம். வலி வந்தால் யார் கூட்டிக்கொண்டு போவார்களோ என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

"நீ எதுக்கும்மா பயப்படறே? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? வலின்னு ஒரு குரல் குடு, போதும். ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட வேண்டியது என் பொறுப்பு" என்றார் இன்ஜினியர்.

"எதுலண்ணா கூட்டிட்டுப் போவே?"

சாமானியன் என்றால் வாடகைக் கார் என்று சொல்லியிருப்பான். ஆஸ்பத்திரி அதே சாலையின் மறுகோடியில்தான் இருந்தது. சாலையும் அடிஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. ஆனால் இன்ஜினியர் சாமானியர் அல்லர். அடுத்த வாரமே, தன் பணிமூப்பைவிட வயது மூத்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

அவருடைய மனைவி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "ரெண்டே ரெண்டு சீட்டுதானா?"

"தங்கச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"நான்?"

"நீ பஸ்ல வா."

கார் அழகாகத்தான் இருந்தது. ஓட்டினால்தான் அதன் சுபாவம் தெரிந்தது. திருப்பினால் பரிசல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தால், நிற்கலாமா வேண்டாமா என்று சற்று யோசித்துவிட்டு நின்றது. இன்ஜினியர் அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக்கும் வேகப் பைத்தியம். பாம்பின் கால் பாம்பறியும். இருவரும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

"இதைப் பத்திரமா ஓடுற வண்டியா ஆக்கணுமா சார், பறக்குற வண்டியா ஆக்கணுமா?"

"என் தங்கச்சி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பறக்கணும்."

அன்று தொடங்கியது திருப்பணி. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். இரும்பையே வெட்கப்பட வைக்கும் கடினத்தில் ஷாக் அப்சார்பர்கள் வந்தன. திருப்பத்தில் வண்டி சாயாமலிருக்க, இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் இணைத்து அடியில் ஒரு தடித்த கம்பி. அகல டயர். புது பிரேக். சைலன்ஸரை மாற்றியதில் தெருவிலிருந்த நாய்கள் எல்லாம் இடம் மாறிப் போயின.

"இனிமே ஒரே எதிரி எடைதான் சார்" என்றான் மெக்கானிக்.

எதிரியை ஒழிக்க இருவரும் ஸ்பானரும் கையுமாக இறங்கினார்கள். ஏசி போனது. தரைவிரிப்பு போனது. மாற்று டயரும் ஜாக்கியும் போயின. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல வண்டி நாளுக்கு நாள் இளைத்தது. கடைசியில் மெக்கானிக்கின் பார்வை பக்கத்து சீட்டின் மேல் விழுந்தது.

இன்ஜினியர் ஒரு கணம் தயங்கினார். அது தங்கையின் சீட். ஆனால் கடமை என்று வந்துவிட்டால் பாசத்தைப் பார்க்கலாமா?

"கழட்டுப்பா. யாருக்காகக் கழட்டறோம்? அவளுக்காகத்தானே! சீக்கிரம் போய்ச் சேரணும்ல?"

வாசலில் வந்து நின்ற காரைத் தங்கை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சீட்டும், பக்கத்தில் வெறும் தகரமும் தெரிந்தன. "அண்ணா, நான் எங்க உக்காருவேன்?"

"எடை கம்மியான சீட்டா ஒண்ணு வெளிநாட்டுல சொல்லியிருக்கேன். கப்பல்ல வந்துட்டிருக்கு. முதல்ல வேகத்தைப் பாரு நீ!"

அவள் வேகத்தைப் பார்க்கவில்லை. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி இப்போது தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. தெருமுனை வேகத்தடையில் அதன் வயிறு உராய்ந்தது. மறுநாளே 'கர்ப்பிணிகள் நலன் கருதி' அந்த வேகத்தடையை அகற்ற உத்தரவு பிறந்தது. போட்டவரும் அவரே, எடுத்தவரும் அவரே.

அதன் பிறகுதான் பெரும் துயரம் ஒன்று இன்ஜினியரைக் கவ்வியது. வண்டி திருப்பத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும் என்று மெக்கானிக் சத்தியம் செய்திருந்தான். ஆனால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு திருப்பம்கூட இல்லை! இவ்வளவு பாடுபட்டுச் செம்மைப்படுத்திய ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு நேராகவே போய்வருவதா? இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஆஸ்பத்திரி ரோட்டுல இருக்கிற பெரிய குறை என்ன?"

"குழி சார்" என்றார் உதவிப் பொறியாளர்.

"குழி குறை இல்லைய்யா, அது பராமரிப்பு. வேற?"

"விளக்கு எரியறதில்ல சார்" என்றார் தலைமை எழுத்தர்.

இன்ஜினியர் மேஜையைத் தட்டினார். "ரோடு நேரா இருக்கு! அது ஒருத்தர் கண்ணுக்கும் படலையா?"

உதவிப் பொறியாளர் மெல்லக் கேட்டார். "நேரா இருக்கிறது குறையா சார்?"

"நேரான ரோட்டுல டிரைவர் தூங்கிடுவான். வளைவு இருந்தா முழிச்சிருப்பான். இந்த ரோட்டுல எத்தனை பேர் தூங்கிட்டே ஓட்டுறாங்கன்னு நம்மகிட்ட புள்ளிவிவரம் இருக்கா?"

"இல்லை சார்."

"பாத்தீங்களா! தூங்குறவன் எப்படிய்யா புள்ளிவிவரம் குடுப்பான்?"

இந்த அசைக்க முடியாத வாதத்தின் பேரில் 'வளைவு மேம்பாட்டுத் திட்டம்' ஏகமனதாக நிறைவேறியது. ஊரே மூக்கின் மேல் விரல் வைக்கும் வேகத்தில் வேலை நடந்தது. ஐந்து வளைவுகள், ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி. விளிம்புகளில் அழகுக்காகக் கருங்கல் தூண்கள். நீளமான பஸ் அந்த வளைவுகளில் திரும்ப முடியாததால், 'பயணிகளின் உடற்பயிற்சியை ஊக்குவிக்கும் பொருட்டு' அது வேறு சாலைக்கு மாற்றப்பட்டது. மக்கள் நடந்தார்கள். சிவப்புக் கார் மட்டும் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜினியர் ஆனந்தத்தில் கண் கலங்கினார்.

"செருப்புக்கு ஏத்த மாதிரி காலை வெட்டியிருக்கீங்க" என்றாள் மனைவி.

"வெட்டினாலும் பொருந்துச்சா இல்லையா? அதைப் பாரு."

ஒருநாள் காலை, காபி ஆறுவதற்குள், மாடியிலிருந்து குரல் கேட்டது. "அண்ணா! வலிக்குதுண்ணா!"

இன்ஜினியர் பாய்ந்தார். மாடிக்கு அல்ல, காருக்கு. பழைய இன்ஜின், சூடேறாமல் எடுக்கக் கூடாது. மனைவி தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து கார்க் கதவைத் திறந்தாள். மூவரும் தகரத்தைப் பார்த்தார்கள்.

"சீட்டு எங்கே?" என்றாள் மனைவி.

"கப்பல்ல இருக்கு."

"இவ புருஷனும் கப்பல்லதான் இருக்காரு. ரெண்டு பேர்ல யாரு முதல்ல வர்றாங்கன்னு பார்க்கலாமா?"

தங்கை காரின் மேல் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. மனைவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அது வளைவுகளைத் தொடாமல், சாலையின் வீட்டுப் பக்கத்துக் கோடியிலிருந்தே வந்துவிட்டது. தங்கையிடம் இன்ஜினியருக்கு உயிர் என்பதில் பொய்யில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்.

"நீங்க பின்னாடி வாங்க. நான் முன்னாடி போய்ச் சொல்லி வைக்கிறேன்!"

சொல்லி முடிப்பதற்குள் சிவப்புக் கார் முதல் வளைவில் மறைந்தது. அன்றைக்குப் போல் அது என்றைக்கும் ஓடியதில்லை. சாயவில்லை, அலையவில்லை. டயர் கிறீச்சிட, சக்கரம் கோடு மாறாமல், ஐந்து வளைவுகளையும் அளந்து கடந்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பிரேக்கும் யோசிக்கவில்லை.

"பிரசவ கேஸ்! அவசரம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். நர்ஸ் சக்கர நாற்காலியோடு வெளியே ஓடிவந்து காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"யாருக்கு சார் பிரசவம்?"

"என் தங்கச்சிக்கு."

"அவங்க எங்கே?"

"வந்துட்டிருக்காங்க."

"அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் வேகமா வந்துட்டேன்."

நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டு காலி நாற்காலியை உள்ளே தள்ளிப் போனாள்.

அதே நேரத்தில் மூன்றாவது வளைவில், இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உள்ளே தங்கை அண்ணியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கதறினாள். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி நின்று இந்த வளைவைப் போட்டவனின் வம்சத்தையே வாழ்த்தினான். வம்சத்தின் புது வாரிசு அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

இன்ஜினியருக்குப் போன் வந்தது. "பொண்ணு பொறந்திருக்கா. மூணாவது வளைவுல" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஆம்புலன்ஸ்ல கூட வந்த நர்ஸம்மா புண்ணியம். உங்க புண்ணியம் இல்ல."

சாமானியன் இதோடு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்ஜினியரோ, சாலைப் பிரிவின் ஆண்டு அறிக்கையில் இதை 'திட்டத்தின் எதிர்பாராத நற்பயன்' என்று சேர்த்தார். சாலை ஓரத்திலேயே ஒரு பிரசவம்! எந்த நகரத்துச் சாலை இப்படி ஒரு சேவை செய்திருக்கிறது? மேலிடம் அசந்துபோய் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. 'பயனாளி' என்ற அட்டை வைத்த நாற்காலியில் தங்கை குழந்தையோடு உட்கார வைக்கப்பட்டாள்.

தலைமைப் பொறியாளர் இன்ஜினியருக்குப் பொன்னாடை போர்த்தினார். காரைப் பற்றியும் வளைவுகளைப் பற்றியும் அரைமணி நேரம் புகழ்ந்தார். பிறகு மைக்கைத் தங்கையின் முன்னால் நீட்டினார். "இந்தத் திட்டத்தால நீங்க அடைஞ்ச பயனை உங்க வாயாலேயே சொல்லுங்கம்மா."

தங்கை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்கண்ணன் மாதிரி வேகமா யாராலயும் ஓட்ட முடியாது. எனக்கு வலி எடுத்த அன்னிக்கு அவர் ஆஸ்பத்திரிக்குச் சரியான நேரத்துல போய்ச் சேர்ந்துட்டாரு."

அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. இன்ஜினியர் எழுந்து கும்பிட்டார். சத்தம் அடங்கும்வரை தங்கை காத்திருந்தாள்.

"நான்தான் இன்னும் போகல."