சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்

வரிசை எண் போட்டு எழுதிவிட்டால் உலகம் அதன்படி நடந்துகொள்ளும் என்று இருபத்துமூன்று வயதில் நான் மனதார நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன். வெளியில் சொல்வதில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. முதலாளி ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், பிடித்தால் நிரந்தரம். அந்த நேரத்தில்தான் மயிலாப்பூரில் என் தோழிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக என் வகுப்பு நேரத்தில், கல்யாணம். "லீவு எடுத்துக்குங்க மேடம், ஆனா கிளாஸ் நிக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

தோழியின் அண்ணனிடம் வீடியோ கேமரா இருந்தது. எங்கள் ஆழ்வார்பேட்டை வீட்டுக் கூடத்தில் கரும்பலகையைச் சாய்த்துவைத்து, லூப் பற்றி (ஒரே கட்டளையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வது) ஒரு மணி நேரப் பாடத்தைப் பதிவு செய்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, பதில் சொல்வதற்காகக் கடிகாரத்தைப் பார்த்து முப்பது விநாடி மௌனம். வழக்கமான திட்டுகளையும் விடவில்லை. கடைசி வரிசைப் பாஸ்கர் இருபதாவது நிமிடத்தில் தவறாமல் தூங்குவான். அவனுக்கென்று ஒரு பகுதி.

டேப்பைப் போட்டுக் காட்டும் பொறுப்பு அப்பாவுக்கு. அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர். எழுத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்வார். பதினொரு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது: எக்காரணம் கொண்டும் டேப்பை நிறுத்தக் கூடாது.

தாலி கட்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்து வந்து வகுப்பை எட்டிப் பார்த்தேன். பாஸ்கர் வரவில்லை. அவன் நாற்காலியில் முதலாளி. ஃபேனுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டிவியில் நான் நிமிர்ந்தேன். "கடைசி வரிசையில சுவரோரம் இருக்கறவர், தூங்கினது போதும். எழுந்து சொல்லுங்க, லூப் எப்போ நிக்கும்?"

முதலாளி திடுக்கிட்டு எழுந்து நின்றார். (முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். கம்ப்யூட்டருக்கு ஏ.சி. வேண்டும் என்பது வரை தெரியும்.) முப்பது விநாடி. டிவியில் நான் கனிவாகக் காத்திருந்தேன்.

"தெரியலையா? போன வாரமும் தெரியலை."

"மாட்டிக்கினாரு மச்சி" என்றது ஒரு குரல்.

"சார், முதல்ல அதை நிறுத்துங்க" என்றார் முதலாளி.

அப்பா தாளை நீட்டினார். "ஏழாவதைப் பாருங்க. நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு. உட்காருங்க, இன்னும் நாப்பது நிமிஷம்தான்."

"நான் இந்த சென்டரோட ஓனர்."

"ஓனருக்கு விலக்குன்னு இதுல போடலைங்களே."

"பரவாயில்ல, உட்காருங்க" என்றேன் நான், டிவியிலிருந்து. உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் என் தாள். "எப்போ நிறுத்தணும்னு சொல்லாம விட்டா லூப் ஓடிக்கினே இருக்கும்னு பாடத்துல சொன்னீங்க. உங்கப்பாவுக்கு எழுதினதுல அது எங்கம்மா?"

மனிதர் மிச்சப் பாடத்தைக் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அந்த மூன்று மாதமும் ஞாயிறுதோறும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பாஸ்கர் முதல் வரிசைக்கு மாறித் தூக்கத்தை இழந்தான். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

இன்றும் நான் வெளியே கிளம்பும்போது அப்பாவுக்குக் குறிப்பு எழுதி வைத்தால், என் மகள் முதலில் வாங்கிப் பார்க்கிறாள். "தாத்தா எப்போ நிறுத்தலாம்னு போடலையேம்மா." போன வாரம் கடைசியில் ஒன்று சேர்த்தேன்: போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடவும்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"யாருக்குத் தோணினா?"