ஓட்டை நானாவின் பத்தாவது கட்டை

புத்தளத்தில் ஓட்டை இல்லாத சாமான் ஒன்று மிஞ்சியிருந்தால், அது ஓட்டை நானாவின் கண்ணில் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம். கடல்நீர்க் களப்பு ஓரத்தில் பைபர் வள்ளம் திருத்தும் கடை வைத்திருந்தார். இன்ஜின் பூட்டத் துளை, நங்கூரம் கட்டத் துளை, கதவுக்குத் துளை எல்லாம் அவர் கைதான். தொண்ணூறாம் ஆண்டு, யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஊருக்கு அவர் ஓட்டை நானா, ஓட்டை அண்ணன்; சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

வலக்கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான். துளைக்கிற மெசின் தின்றது போக மீதி. கேட்டால், அதுகள் இரண்டும் அரைநேர உத்தியோகம் என்பார்.

யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்த காலம். நான் உடப்பு ஊரிலிருந்து போய் அப்படியொரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே பந்து உருட்டிக் கட்டைகளை விழுத்தும் போலிங் விளையாட்டுக்கு ஒரு நீளப் பலகைத் தடம் இருந்தது. தடத்தின் முன்பாதிக்கு எண்ணெய் பூசுவது, அந்தக் கோடியில் பத்துக் கட்டைகளை நிறுத்துவது, விருந்தாளிகளுக்கு விளையாடக் காலுக்குச் சப்பாத்துக் கொடுப்பது, இவ்வளவும் என் உத்தியோகம். விளையாட மட்டும் அனுமதியில்லை. ஊர்க்காரருக்கும் இல்லை.

ஒருநாள் பந்துத் தட்டின் கால் ஆடியது. ஆணி பூட்ட நானாவைக் கூப்பிட்டோம். பூட்டி முடித்தவர், ஒரு பந்தை எடுத்து அதன் துளைகளில் விரல் விட்டு வீசிப் பார்த்தார். அரை விரல்கள் பிடிக்கவில்லை. பந்து அவருக்குப் பின்னால் விழுந்து, வந்துகொண்டிருந்த மனேஜரின் காலடியில் போய் நின்றது.

"நானா, இது விரல் உள்ள ஆக்கள்ர விளையாட்டு" என்றார் மனேஜர்.

நானா கோபிக்கவில்லை. பழுதான பந்து ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வெடிப்பு விழுந்த தன் பந்தொன்றை விட்டுப் போயிருந்தார். மனேஜரும் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்; திருத்தினால் வந்து வீசிப் பார்க்கலாம் என்றும் சிரித்தார்.

வள்ளத்துக்கு ஊற்றும் ரெசினைப் பழைய துளைகளில் ஊற்றி அடைத்து, தன் அரை விரல்களுக்கு ஏற்றபடி ஆழம் குறைத்துப் புதிதாகத் துளைத்து வந்தார். பந்து இப்போது கையில் நின்றது. ஆனால் குருநாகல் பஸ் போல நேரே போய் நடுக்கட்டைகளை மட்டும் விழுத்தியது. இரண்டு பக்கமும் நின்ற கட்டைகள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வெள்ளைக்காரர்களின் பந்து கடைசியில் வளைகிறதே, இது ஏன் வளையவில்லை என்று என்னைக் கேட்டார். சப்பாத்துக் கொடுப்பவனுக்கு என்ன தெரியும்? அவரே பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடத்து எண்ணெய் பந்தில் ஒரேயொரு வளையமாகப் படிந்திருந்தது. எண்ணெய் பட்ட அதே இடத்திலேயே திரும்பத் திரும்ப உருண்டால் பந்து எப்படிப் பலகையைப் பிடிக்கும்? ஒவ்வொரு சுற்றிலும் காய்ந்த இடம் பலகையில் பட வேண்டும். அதற்குப் பந்து தள்ளாட வேண்டும். தள்ளாட வைப்பது பந்துக்குள்ளே ஒரு பக்கமாக வைத்து வார்த்திருக்கும் கனமான கட்டி. அந்தக் கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்தால், துளையை அதற்குத் தக்கபடி தள்ளிப் போடலாம்.

அதை அறிய அவர் செய்த வேலையைப் புத்தளமே கதைத்தது. கிணற்றுத் தண்ணீரில் பந்து மூழ்கிவிட்டது. நேரே உப்பளத்துக்குப் போய், உப்பு விளையும் தறுவாயில் நின்ற தண்ணீரைப் பீப்பாய் நிறைய அள்ளி, முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார். அதில் பந்து மிதந்தது. கனமான பக்கம் தானாகவே கீழே திரும்பியது. நானா பென்சிலால் அடையாளம் போட்டார்.

அடுத்த துளைகளோடு வந்தபோது பந்து வளைந்தது. வளைந்த வளைவில் பாதி வழியிலேயே தடத்தின் இடப்பக்க ஓரப் பள்ளமான கானுக்குள் இறங்கிவிட்டது. மனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரே வீச்சில் பத்தும் விழுந்தால், வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வேலையாட்களும் ஊர்க்காரரும் விளையாடலாம்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நானா அப்படிக் கேட்கவில்லை. மறுபடி ரெசின், மறுபடி துளை. இம்முறை கட்டியிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல்துறையிலிருந்து மீன்பிடிக்காரர்கூட வந்துவிட்டார்கள். ஹோட்டல் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீசினார். பந்து முக்கால் வழி நேரே போய்ப் பிறகு வளைந்தது. ஒன்பது விழுந்தது. மூலையில் நின்ற ஒரு கட்டை ஆடி, யோசித்து, நின்றுவிட்டது.

மனேஜர் கை தட்டினார். "சரி நானா, ஒன்பது போதும். திறந்து விடுறன்."

"இல்ல சேர். பத்து எண்டுதான் கதை" என்றார் நானா.

நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். சமையல்காரர் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டே மன்றாடினார். நானா பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமை முழுவதும் ஹோட்டலில் யாரும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லவில்லை. நானும்தான்.

மறுவெள்ளி கோபத்தில் ஒருவரும் வரவில்லை. நானும் மனேஜரும் மட்டும். துளை இன்னும் அரை விரல் நகர்ந்திருந்தது. வீசினார். பத்தும் விழுந்தன. நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை. தற்செயலா என்று பார்க்க வேண்டும், கட்டைகளைத் திரும்ப நிறுத்து என்றார். நிறுத்தினேன். இரண்டாவது வீச்சில் எட்டுத்தான் விழுந்தது. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது.

"நல்லது தம்பி. இனிப் பிழை பந்தில இல்ல, என்னில."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஊரே அங்கேதான். சமையல்காரர்தான் எல்லோரையும் விட மோசமாக வீசுவார். நானா அவருக்கும் ஒரு பந்து துளைத்துக் கொடுத்தார்.

இரண்டு வருடத்தில் நானா குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பினார். அங்கே பழைய காணியில் வீடு எழும்பியிருந்தது. போகிற அன்று பந்தைத் தட்டில் வைத்துவிட்டு, அங்கே தடம் இல்லை, இது இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

விருந்தாளிகள் அந்த ஒட்டுப்போட்ட பந்தை அதிசயமாகப் பார்ப்பார்கள். எடுத்து வீசலாமா என்று கேட்பார்கள். மற்றப் பந்து எதை வேண்டுமானாலும் எடுங்கோ என்பேன். அதுக்கு ஆள் இருக்கு.