கொடியில் தொங்கிய ஆபீஸ்

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரை நம்பாத ஒரே கம்ப்யூட்டர் டிசைனர் கொடி அண்ணாச்சிதான். இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கொடி என்றதும் கட்சிக்கொடியை நினைக்க வேண்டாம். துணி காயப்போடும் கொடி. ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறைதான் அவருடைய ஆபீஸ். ஜன்னலிலிருந்து வாசல் நிலை வரைக்கும் மஞ்சள் நைலான் கயிறு. அதில் கிளிப் மாட்டிய காகிதங்கள். கல்யாணப் பத்திரிகை, மசாலா லேபிள், கடை போர்டு என்று யார் என்ன வேலை கொடுத்தாலும் ஒரு காகிதம் ஜன்னலோரம் ஏறும். வேலை நடக்க நடக்க நகரும். வாசலை எட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளையும் மறந்துவிடுவார். நாளுக்கு நாலு தடவை போன் செய்கிறவர்களுக்குச் சிவப்பு கிளிப். தொந்தரவே செய்யாத நல்லவர்களுக்கு நீலம். "நல்லவங்களத்தாண்டே சீக்கிரம் மறந்துபோவோம்" என்பார்.

ஒரு ஐ.டி. கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மொழிபெயர்ப்பு வேலைகளை எடுத்துக்கொண்டு அந்த அறையின் மறுபாதிக்குக் குடிபோனேன். என்னிடம் எக்செல் இருந்தது. எந்த வேலை, யாருக்கு, என்றைக்கு என்று எல்லாம் கலர் கலராக. முதல் நாளே பெருமையாகத் திறந்து காட்டினேன்.

"அடிபொளி," என்று மலையாளத்தில் மெச்சினார் அண்ணாச்சி. "இது மூடியிருக்கும்போ எப்படிடே தெரியும்?"

"திறந்து பாக்கணும் அண்ணாச்சி."

"என் கயிறு தலையில இடிக்கும், கேட்டியா?"

அடுத்த மாதமே எக்செல்லைத் திறக்க மறந்து ஒரு வேலையைக் கோட்டைவிட்டேன். அண்ணாச்சி ஒரு பாக்கெட் கிளிப் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார், அவ்வளவுதான்.

தினமும் ஒரு மணிக்கு, "தனியா சாப்பிட்டா எனக்கு இறங்காதுடே" என்று என்னை ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போவார். அறுபது வயதில் இப்படி ஒரு பயமா என்று நானும் பாவப்பட்டுப் போவேன்.

மரப்படியில் காலடி கேட்டாலே யாரென்று சொல்லிவிடுவார். ஒருநாள் பாத்திரக்கடை முதலாளி ஏறி வருகிற சத்தம். அவருடைய காகிதம் மூன்று வாரமாக ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி பாய்ந்து அதை உருவி வாசல் பக்கம் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்தார். உள்ளே வந்தவரின் நெற்றியில் அவருடைய காகிதமே முட்டியது. "ஓ, தீர்ந்நு அல்லே!" என்று, வேலை முடிந்துவிட்ட சந்தோஷத்தில் டீ குடித்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் காகிதம் ஜன்னலுக்கே திரும்பியது.

இப்படிப்பட்ட கயிற்றில்தான் நான் கை வைத்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அண்ணாச்சி கீழே யாரையோ பார்க்கப் போயிருந்தார். திடீரென்று காற்றோடு மழை. ஜன்னல் வழியாகச் சாரல். கொடியில் என்னமோ தொங்குகிறது, மழை வருகிறது. அம்மா வளர்த்த பிள்ளைக்கு இதற்குமேல் யோசிக்கத் தெரியுமா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக உருவி, கிளிப்போடு சேர்த்து மேஜையில் குவித்தேன். ஒன்றின்மேலும் ஒரு துளி படவில்லை. பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அண்ணாச்சி வந்து வெறுங்கயிற்றைப் பார்த்தார்.

"மக்கா, என் ஆபீஸையே மடிச்சு வச்சிட்டியேடே!"

அப்போதுதான் எனக்கு ஜெசி அக்கா ஞாபகம் வந்தது. மார்த்தாண்டத்துக்காரர், இங்கே வீட்டில் அச்சப்பம் என்கிற அச்சுமுறுக்கு சுட்டு விற்கிறவர். மறுநாள் காலை ஒரு கண்காட்சியில் முதல்முதலாகக் கடை போடுகிறார். லேபிள் மூன்று மணிக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால், பெயரில்லாத பாக்கெட்டுகளோடுதான் நிற்க வேண்டும். அண்ணாச்சி மூன்று மாதிரிகள் செய்திருந்தார். ஒன்றில் மாமியார் பெயர், ஒன்றில் ஜெசி அக்கா பெயர், ஒன்றில் இரண்டும். முடிவானதுதான் வாசலை நெருங்கித் தொங்கியது; இப்போது குவியலில் அது எது? ஞாபகத்தை முழுக்கக் கயிற்றிடம் ஒப்படைத்துவிட்ட மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? மணி ஒன்றே முக்கால்.

ஜெசி அக்கா போனை எடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை, அவரவர் காகிதம் கயிற்றில் எங்கே தொங்கியது என்று பிடிக்க, மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக அடித்தார் அண்ணாச்சி. கௌரவம் பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நான் கடைசியா உங்ககிட்ட என்ன பொய் சொன்னேன்?" ஆச்சரியம், யாரும் கோபப்படவில்லை. வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். பாத்திரக்கடைக்காரர் மட்டும், "பொய்யா?" என்றார். அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

இரண்டரை மணிக்கு ஜெசி அக்கா எடுத்தார். ஸ்பீக்கரில் எண்ணெய் பொரியும் சத்தம்.

"மோளே, லேபிள்ல யாரு பேரு போடணும்?"

குரல் இறங்கியது. "அண்ணாச்சி, அத்தை பக்கத்துல நிக்காங்க."

"செரி, பேச வேண்டாம். உன் பேருண்ணா ஒரு தடவ இருமு."

இருமல் வரவில்லை. போன் கைமாறியது. மாமியார்!

"ரெண்டு பேரு பேரையும் போடுண்ணு நான்தானே சொன்னேன்! மாவு கலக்கது அவ, குத்தம் சொல்லது நான். ரெண்டும் இல்லாம அச்சப்பம் வருமா?"

பத்து நிமிடம் மிச்சமிருக்க லேபிள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "நனையாம எடுத்தியே, அது போரும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினோம். கடைசியில் நீலக் கிளிப்போடு ஒன்று மிஞ்சியது. எடுத்துப் பார்த்தேன். மேலே என் பெயர். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து: 'வேலை போனது வீட்டுல சொல்லல. மத்தியானம் சாப்பிடாம இருக்கான். கூட்டிட்டுப் போகணும்.'

காகிதத்தை நீட்டினேன். "அண்ணாச்சி, இத எங்க மாட்டணும்?"

என் முகத்தைப் பார்க்காமல் பிடுங்கி, ஜன்னலோரம் மாட்டினார். "அது அங்கதாண்டே கிடந்தது."

இப்போது எனக்குக் கைநிறைய வேலை. வீட்டுக்கும் எல்லாம் தெரியும். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். தனி அறையும் எடுத்துவிட்டேன். ஆரியசாலைப் பக்கம் போனால் அந்த மரப்படி ஏறாமல் திரும்புவதில்லை. எத்தனையோ பேருடைய காகிதங்கள் வாசலை எட்டிக் கிழிந்துபோய்விட்டன. வெயிலில் வெளுத்துப்போன என்னுடையது மட்டும் இன்னும் ஜன்னலோரத்திலேயே தொங்குகிறது. வேலை முடிந்தது அண்ணாச்சி, வாசலுக்கு நகர்த்துங்கள் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.