அடிப்பிடி நானாவின் சோற்றுப் பானை

கற்பிட்டிக் கரையில் அடுப்பு மூட்டியவர்களுள், ஒருநாளாவது கருகாத சோறு ஆக்காத ஒரே மனிதர் எங்கள் அடிப்பிடி நானாதான். யுத்த காலத்தில் ஆலங்குடாப் பக்கம், மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் ஒரு மீன் வாடியில் நான் கணக்கெழுதினேன், அவர் சமைத்தார். அவர் போடும் வெறுந்தேத்தண்ணியிலும் புகை மணக்கும். தண்ணீரையும் கருக்கலாம் என்று நாங்கள் அறிந்தது அவரிடம்தான்.

மற்ற வாடிகளில் பானை அடிப்பிடித்தால் ஊறவைத்து, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்ப்பார்கள். நானா ஒருமுறை அலசிக் கவிழ்த்துவிடுவார்.

“சுரண்டினா என்ன நானா?”

“பானைக்கு நோகும் தம்பி.”

சில மாதங்களில் சோறு குறையத் தொடங்கியது. வலை இழுத்துத் தோள் கழன்று வந்தவர்களுக்கு இரண்டாவது அகப்பை கிடைக்கவில்லை. வள்ளக்காரர்களில் வாய் நீண்டவர் உடப்பைச் சேர்ந்த முருகேசு. ஒருநாள் காலையில் முதலாளிக்குக் கேட்கும்படியே சொன்னார்:

“முதலாளி அரிசியில கை வைக்கிறார். நாங்க முந்தல் பக்கம் போறம். அங்க வயிறு நிறையப் போடுறாங்களாம்.”

முதலாளி துடித்துப்போனார். “அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன், அரிசி சாக்குச் சாக்கா ஈக்கிது! முந்தி மாசம் முடிய முன்ன தீந்திரும். இப்ப மிஞ்சுது. நான் அல்லாஹ் தந்த பரக்கத்து எண்டு நினைச்சிட்டு ஈக்கிறன்!”

எல்லாரும் நானாவைப் பார்த்தோம்.

“பானை கொள்ளல்ல முதலாளி. மிச்ச அரிசியத் திருப்பிச் சாக்குலதான் போடுறன்.”

முருகேசு பானைக்குள் கைவிட்டார். முழங்கைவரை போக வேண்டிய கை மணிக்கட்டோடு நின்றது. நாள்தோறும் கருகலின் மேல் கருகலாகப் படிந்து, பானை உள்ளுக்குள் பாதியாகிவிட்டிருந்தது.

சுரண்டும்படி முதலாளி உத்தரவிட்டார். நானா பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “வேணாம் முதலாளி. ஒங்களக் கெஞ்சிக் கேக்கிறன்.”

பிடுங்கி எடுத்தோம். சிரட்டை உடைந்தது. மீன் வெட்டும் கத்தியின் முதுகு வளைந்தது. கடைசியில் சுடுதண்ணீரில் ஊறவைத்து மணல் போட்டுத் தேய்த்தபோது, கருகல் கூரை ஓடு போலத் துண்டு துண்டாகக் கழன்றது. அலுமினிய அடி வெள்ளையாகத் தெரிந்தது. முருகேசு வெற்றிக் களிப்பில் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பானையைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் அவர் காலில் ஒழுகியது.

“ஓட்டைப் பானை! இது எப்ப நடந்த?” என்றார் முதலாளி.

நானா மணலைப் பார்த்தபடி சொன்னார்: “நேவிக்காரங்க முருகேசுட வள்ளத்த மறிச்சு வெச்சாங்களே, அண்டைக்கு. இப்ப வருவாங்க, இப்ப வருவாங்க எண்டு பானைய இறக்காம இருந்தன். தண்ணி வத்தி அடி எரிஞ்சு போச்சு. கருகல்தான் ஓட்டைய அடைச்சிச்சு. சொன்னா அனுப்பிருவீங்க. இந்த வயசுல என்ன எந்த வாடில எடுப்பாங்க?”

“சாமானக் கட்டுங்க,” என்றார் முதலாளி.

முருகேசு ஈரக் காலோடு நின்றார். ஓட்டைப் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அவர் போனா நாங்களும் போறம் முதலாளி.”

“என்னடாப்பா இது! காலையில சோறு காணாது எண்டு போறம் எண்டீங்க. இப்ப சோத்தக் கருக்குறவருக்காகப் போறம் எண்டுறீங்க. நான் யாருக்கு வாடி நடத்துற?”

“புதுப் பானை ஒண்டு வாங்குங்க. அரிசிதான் மிஞ்சிக் கிடக்கே.”

புதுப் பானை வந்தது. அன்றே கருகியது. சுரண்டும் வேலை முறைவைத்து எங்கள் தலையில் விழுந்தது. உப்பில் வெடித்த கைகளில் சாம்பல் பட்டால் எரியும். நானாவைத் திட்டித் திட்டியே தேய்ப்போம். “மெல்ல, மெல்ல! ஓட்டையாக்கிராதீங்க!” என்று அவர் எங்களைத் திட்டுவார்.

நான் மீன் லொறியோடு புத்தளம் போய், சோதனைச் சாவடியில் வெயிலில் காய்ந்து, பிந்தித் திரும்பும் நாள்களில் வாடியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அடுப்பு மட்டும் அணைந்திருக்காது. கோப்பையில் விழும் சோற்றில் ஆவி பறக்கும், கரி மணக்கும்.

இப்போது என் வீட்டில் சோறு அடிப்பிடிப்பதே இல்லை. பிந்தி வந்தால், ஆறிப்போய் மூடியிருக்கிறது.