ஆகாசக் கோபுரத்துக்கு ஒரு டூட்டி சார்ட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வீரனானேன். ஏழு ஐந்துக்கு அதை நினைத்து வருந்த ஆரம்பித்தேன். இந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புத் தோழி ஒருத்தி போன வாரம் தீம் பார்க் போனாளாம். அங்கே ஆகாசக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறதாம். நாற்காலியில் உட்காரவைத்து, பூட்டு போட்டு, பதினைந்து மாடி உயரத்துக்கு மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து தொப்பென்று கீழே விடுவார்களாம். தோழியின் அப்பா அதில் ஏறி இறங்கிவந்து வாந்தி எடுத்தாராம்.

நான் பேப்பரைப் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. "இதெல்லாம் ஒரு உயரமாம்மா? அப்பாவா இருந்தா ரெண்டு கையையும் விட்டுட்டு, பாட்டு பாடிக்கிட்டே எறங்குவேன்" என்றேன்.

என் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். அதுவரை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. எங்கள் வீட்டில் தையல் மெஷின் ஓடும்வரை எனக்கு ஆபத்தில்லை.

"அப்ப நாளைக்கே போயிடலாமே. உங்களுக்கும் லீவு, அவளுக்கும் லீவு" என்றாள்.

மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். ஏழு ஐந்து.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு உயரம் என்றால் பயம். சாதாரண பயமில்லை. இரண்டாம் மாடி பால்கனியில் துணி காயப்போடச் சொன்னால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எறிவேன். வீட்டில் பல்பு போய்விட்டால் மனைவிதான் ஸ்டூல் மேல் ஏறுவாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். ஏறுவது சுலபம், பிடிப்பதற்குத்தான் பலம் வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். ஆபீசில் மேலதிகாரி முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்த உலகத்திலேயே என்னைத் தைரியசாலி என்று நினைக்கும் ஒரே ஜீவன் அவள்தான். அந்த ஒன்றையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை.

போகாமலும் இருக்க முடியாது. ஏறவும் முடியாது. அப்படியென்றால் ஒரே வழிதான். போக வேண்டும், ஆனால் கோபுரத்தில் ஏற நேரம் இருக்கக் கூடாது.

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. நான் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவன். நூற்று நாற்பது டிரைவர்கள் எந்த நேரத்தில் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று எழுதுவது என் வேலை. ஒருவருக்கு ஒரு ரூட்டைக் கொடுக்கக் கூடாது, கொடுக்கவில்லை என்றும் அவர் சொல்லக் கூடாது. இந்த வித்தையில் எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். அந்த வண்டி கிளம்பும் நேரத்தில் அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். சார்ட்டில் இடமில்லை என்றால் யார் மேல் கோபப்படுவது?

உடனே பார்க்குக்குப் போன் போட்டு விசாரித்தேன். கோபுரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு மூன்றிலிருந்து நான்கு வரை மட்டும்தான் ஓடுமாம். போனை வைத்துவிட்டு, சமையலறை என்றும் பாராமல் ஒரு சுற்று ஆடினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சார்ட் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்தாள்.

"பதினோரு மணிக்கே மத்தியானச் சாப்பாடா?"

"அப்பதான் கூட்டம் இருக்காது."

"ஒரு மணி நேரம் சாப்பிடணுமா?"

"மென்னு சாப்பிடணும்ல, குழந்தை."

"மூணு மணிக்கு அலைக்குளமா?"

"அப்பதான் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்."

"சரிங்க."

சரிங்க என்றுவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம் என்றேன், மூன்று மாதம் விவாதம் நடந்து பச்சை அடித்தோம். இதற்கு மட்டும் ஏன் சரிங்க? ஒருவேளை திருந்திவிட்டாளா? ஒருவேளை சார்ட்டின் அருமை புரிந்துவிட்டதா? யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

காலையில் குழப்பம் இன்னும் கூடியது. நான் எழுந்தபோது மகள் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சாப்பாட்டு டப்பாக்கள், மாற்றுத் துணி, துண்டு, தொப்பி எல்லாம் ஒரு பையில் தயார். சார்ட்டில் புறப்படும் நேரம் எட்டரை. மணி ஏழேகால். டயரில் காற்றுக் குறைவாகத் தெரிகிறது என்று இழுத்துப்பார்த்தேன். எல்லா டயரையும் காலால் அழுத்திப் பார்த்தாகிவிட்டதாம். கேஸை மூடினோமா என்றேன். மூடியாயிற்றாம், இரண்டு தடவை. வழியில் நான் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. அப்படியும் பார்க் திறக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தத் துரோகி வண்டி.

வாசலில் ஒரு பெரிய பலகை. இன்று விடுமுறை நாள் என்பதால் ஆகாசக் கோபுரம் காலை முதல் மாலை வரை இடைவிடாமல் இயங்கும் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

எனக்குக் காதுக்குள் விசில் அடித்தது. வெள்ளிக்கிழமை போன் போட்டு நேரம் கேட்டேன், அவனும் வெள்ளிக்கிழமை நேரத்தைச் சொல்லியிருக்கிறான். வார நாள் சார்ட் வேறு, விடுமுறை நாள் சார்ட் வேறு. டிப்போவில் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் காலையில் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பாடத்தை நடத்துகிற வாத்தியாரே பெயிலானால் யாரிடம் போய்ச் சொல்வது?

"சார்ட்ல பத்து மணிக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா சுத்திப் பாக்கறது."

"அப்ப அந்தப் பக்கம் சுத்தலாம்."

அந்தப் பக்கம் என்றால் கோபுரம். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். உச்சி தெரிவதற்குள் கழுத்து வலித்தது. மேலேயிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே குரலில் அலறிக்கொண்டு வந்தார்கள். வரிசை மெல்ல நகர்ந்தது. மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற அம்மாளிடம் எங்கப்பா கைய விட்டுட்டுப் போவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாயிலில் உயரம் அளக்கும் கம்பம் இருந்தது. நூற்று இருபது சென்டிமீட்டருக்கு மஞ்சள் கோடு. சீருடை போட்ட ஊழியர் மகளை அதன் கீழ் நிறுத்தினார். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"நூத்திப் பதினேழு" என்றாள் மனைவி. ஊழியர் இன்னும் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

அந்த இடத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பெண்ணுக்குச் சீருடை தைக்கிறவளுக்குப் பெண்ணின் உயரம் தெரியாதா? வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துதான் கிளம்பியிருக்கிறாள். ஆனால் சந்தோஷம் என் கண்ணை மறைத்தது. மகளை அனுமதிக்க மாட்டார்கள், பிழைத்தேன் என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் நடிப்பு கொஞ்சம் கூடிவிட்டது. "என்ன சார், மூணு சென்டிமீட்டருக்காக இப்படிப் பண்றீங்க? எவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா? ராத்திரியெல்லாம் இதே நெனப்புதான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

ஊழியர் நல்லவர். என் ஏமாற்றம் அவரைத் தொட்டுவிட்டது.

"பாப்பாவைத்தான் சார் விட முடியாது. நீங்க வாங்க."

"அதான, நீங்க ஏன் ஆசைய விடணும்?" என்றாள் மனைவி. "போயிட்டு வாங்க. நாங்க கீழ நின்னு பாக்கறோம்."

மகள் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. தோளுக்கு மேல் இரும்புச் சட்டம் இறங்கியது நினைவிருக்கிறது. என் நாற்காலி கோபுரத்தின் பின்பக்கமாக அமைந்தது ஒன்றுதான் கடவுள் எனக்குச் செய்த உதவி. சட்டத்தைச் சரிபார்க்க வந்த பையனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, என்னை எறக்கி விட்டுடு. எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவன் சிரிக்கவில்லை, பாவம். தினமும் ஒன்றிரண்டு பேர் சொல்வார்கள் போலிருக்கிறது. பின்பக்க வழியைக் காட்டினான்.

அங்கே மோட்டார் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மேலே அலறல் கேட்டதும், தரையில் உட்கார்ந்திருந்த நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கோபுரம் நின்றதும் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு, சட்டையில் ஒரு பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, இறங்கி வருகிறவர்களோடு கலந்து வந்தேன். லேசாகத் தள்ளாடினேன். இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

மகள் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சாப்பா?"

"சேச்சே."

"சரிப்பா" என்றாள்.

இந்தச் சரிப்பா, எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசிக்கவிடாமல் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்கே என்றேன். போட்டோ வாங்க என்றாள். உச்சியில் கேமரா இருக்கிறதாம். கீழே விழும்போது எல்லா முகத்தையும் படம் எடுத்துவிடுமாம்.

கவுண்டரில் படம் வந்தது. வரிசையாக ஐந்து பேர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஆறாவது நாற்காலியில் இரும்புச் சட்டம் மட்டும் பத்திரமாகப் பூட்டியிருந்தது.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன். மகள் எட்டிப் பார்த்தாள். மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மகளிடம் அமைதியாகச் சொன்னாள்.

"அப்பா வந்த வேகத்துல கேமராவுக்கே புடிபடல பாரு."

மகள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். மனைவி அந்தப் படத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரியவே இல்லை. ஏறு என்று தள்ளிவிட்டவளும் இவள்தான், காப்பாற்றியவளும் இவள்தான். இவள் எந்தக் கட்சி? சாப்பிடும்போதும் அதையே யோசித்தேன், அலைக்குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபோதும் அதையே யோசித்தேன். கடைசியில் எப்படியோ மானம் பிழைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மகளுக்கு நான் இன்னும் வீரன்தான். அது போதும்.

சாயங்காலம் வெளியே போகும் வழியை மாற்றிவிட்டிருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு இரும்பு நடைபாலத்தின் மேல் ஏறிப் போக வேண்டும். பலகைகளுக்கு நடுவில் இடுக்கு, இடுக்கு வழியாகக் கீழே சாலை தெரிந்தது. மனைவி பையோடு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். நான் முதல் படியிலேயே செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். மகள் திரும்பி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கீழ பாக்காம என் பின்னாலயே வாங்கப்பா. கொட்டகைக்குப் பின்னால உக்காந்திருந்தப்ப மூடிக்கிட்டீங்களே, அந்த மாதிரி கண்ண மட்டும் மூடிக்காதீங்க. இங்க படி இருக்கு."