ஐம்பதில் ஒன்று வடக்கே

ஒற்றைக்கோட்டார் என்றோர் இனம் உண்டு. கடலில் காற்றழுத்தம் தாழ்ந்ததும் இவர்கள் தலை நிமிரும்.

வானிலைக்காரர்கள் தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே புயலைக் கணினியில் ஐம்பது முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐம்பது பாதைகள் கிடைக்கும்; வரைபடத்தில் ஐம்பது கோடுகள். அவை எங்கே நெருங்குகின்றன, எவ்வளவு விரிகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. ஒற்றைக்கோட்டாருக்கு அதெல்லாம் எதற்கு? கத்தரிக்காய் பொறுக்குவது போல, தமக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார்கள்.

எங்கள் மாடிவீட்டுக்காரரையே பாருங்கள். அவர் மனைவியின் தம்பி கடலோரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். நிழல்வலைக்கடியில் எட்டாயிரம் கன்றுகள். வலையை அவிழ்த்துக் கன்றுகளைக் கொட்டகைக்குள் ஏற்ற ஒரு முழுநாள் வேண்டும்.

"புயல் வருதாமே, என்ன பண்ணட்டும் அத்தான்?"

"பேசாம இரு மச்சான். வடக்க போகுது."

ஆறு மணி நேரத்துக்கொரு புதுப்படம் வந்தது. முதல் படத்தில் வடக்கே பன்னிரண்டு கோடுகள், அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஒன்றே ஒன்று, கூட்டத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் போல. மனிதர் அசைந்தாரா? அந்த ஒன்றுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, முந்தைய படங்களைப் போலவே முழுப்படத்தையும் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார்.

"எல்லாம் என் தலைமேலதானே வருது அத்தான்?"

"எல்லாம் எங்க வருது? நல்லா உத்துப் பாரு, ஒண்ணு வடக்க போகுதுல்ல!"

மனைவி போனைப் பிடுங்கினார். "தம்பி, உங்கத்தான் வட்டம் போட்டதைப் பாக்காத. மிச்சம் நாப்பத்தொம்பதைப் பாரு. வலைய அவுரு."

அவிழ்த்தார். ஆனால் அத்தான் சொல்லுக்காகக் காத்திருந்த நேரம் போனது போனதுதான். புயல் வந்தபோது ஆறாயிரம் கன்றுகள் கொட்டகையில் இருந்தன. இரண்டாயிரம் வெளியே. அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் அத்தான் வருத்தத்தோடுதான் பேசத் தொடங்கினார். இடையில் பழைய படமொன்று கண்ணில் பட்டுவிட்டது.

"மச்சான், திங்கக்கிழமை நான் அனுப்பின படத்தைப் பாரு. ஒரு கோடு நேரா உன் பண்ணைமேலயே போகுது. அப்பவே சொல்லியிருக்கேன்!"

"அம்பதையும் அனுப்பினீங்க அத்தான். எது வந்தாலும் நீங்க சொன்னதுதான்."

"அதான் அனுபவங்கறது."

இதைப் படிக்கையில் உங்களுக்கு யார் யார் நினைவுக்கு வந்தார்கள்? சித்தப்பா, மேலதிகாரி, எதிர்வீட்டுக்காரர்? ஆளுக்கொரு கோடு சரியாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். அத்தனை கோடுகளில் ஒன்றாவது உங்கள் வீட்டுக் கூரைமேல் போயிற்றா?

போகவில்லையென்றால், எழுந்து வலையை அவிழுங்கள்.