மூடி பாயின் தாகம்

தாகத்தை அடக்குவதில் மூடி பாயிடம் ஒட்டகம்கூடத் தோற்றுப்போகும். அதுவும் வேலூர் வெயிலில்.

எழுபதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பாய், ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் மேஸ்திரி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக அவர் தங்கை சொல்லியிருந்தாள். ஆனால் அவள் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்குப் பிரசவமாகி உடம்பு தேறும்வரை இவர் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் மூச்சு முட்டிவிடும்.

“தண்ணீரைக் குறையுங்கள்” என்றுதான் டாக்டர் சொன்னார். பாய் டம்ளரையே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். அன்றிலிருந்து டானிக் பாட்டில் மூடிதான் அவருக்குக் குவளை. டீக்கடையிலும் அதைத்தான் நீட்டுவார். கடைக்காரருக்குக் காசு வாங்கவே வெட்கமாகிவிட்டது.

கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்பார். நெஞ்சு நிறைய முகர்வார். மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிடுவார்.

“உப்பு தின்னா தாகம் எடுக்கும். அது தோலு கெடாம இருக்கத்தாம்பா, நமக்கில்ல” என்பார்.

ஒருமுறை பஸ் ஸ்டிரைக். பாய் வரப்போவதில்லை என்று நாங்கள் கவலையில் இருந்தோம். முதலில் ஒரு நாற்றம் வார்டுக்குள் நுழைந்தது. பின்னாலேயே பாய். ராணிப்பேட்டைக்குப் போகும், பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரியின் மேல் படுத்து வந்திருக்கிறார்.

“இன்னா பாய் இது?” என்று சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நாத்தம் குளிச்சா போய்டும் சிஸ்டர். மெஷின் முறை தப்புச்சுன்னா நான் போய்டுவேன்.”

சிஸ்டர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவருக்குப் படுக்கையைத் தட்டிப் போட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் ஒரு சபலம் உண்டு. மெஷினில் படுத்தபடி என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்.

“மெதுவா குடி தம்பி. கடகடன்னு ஊத்திக்கினா நான் இன்னாத்த பாக்கறது?”

நான் குடித்து முடித்ததும் அவர் தன் உதட்டைத் துடைத்துக்கொள்வார். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி அடக்குகிறார் என்று எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. சொன்னபடியே பின்னால் சிறுநீரகமும் தந்தாள். அது நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் டாக்டர், “இனிமே நிறையத் தண்ணி குடிக்கணும் பாய்” என்றார். ஒரு செம்பு நிறையக் கொண்டுபோய் நீட்டினேன். பாய் செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உக்காரு தம்பி. இப்ப நீ பாரு.”

மெதுவாக, ஒவ்வொரு வாயாக, எனக்காகவே குடித்தார். செம்பு காலியானதும் உதட்டைத் துடைத்துக்கொண்டது நான். பிறகு கண்ணையும்.